வண்டி இழுக்குமா நத்தை?

மாயக் கதைகளில் வரும் நாடுகளில் நடக்காதது எதுவும் இல்லை. அங்கே கம்பளம் பறக்கும், மரம் பேசும், பூனை அரசாளும். அத்தகைய நாடுகள் சிலவற்றில் விந்தையான ஒரு வளர்ப்புப் பிராணியும் உண்டு. அதுதான் மாட்டளவுக்குப் பெரிய நத்தை.

இந்தக் கற்பனை புதியதன்று. 13, 14ஆம் நூற்றாண்டுகளில் பிரான்சிலும் இங்கிலாந்திலும் கையால் எழுதப்பட்ட நூல்களின் பக்க ஓரங்களைப் பார்த்தால், கவசம் அணிந்த வீரர்கள் பெரிய நத்தைகளோடு போரிடும் படங்களைக் காணலாம். ஹியூ லாஃப்டிங் என்ற ஆங்கில எழுத்தாளர் 1922இல் வெளியிட்ட டாக்டர் டூலிட்டில் கதையொன்றில், கண்ணாடி போன்ற ஓடுடைய மாபெரும் கடல் நத்தை வருகிறது. டாக்டரும் நண்பர்களும் அதன் ஓட்டுக்குள் அமர்ந்து கடலுக்கடியில் ஊர் திரும்புகிறார்கள்! இன்றைய படக்கதைகளிலும் கணிப்பொறி விளையாட்டுகளிலும் கூட நத்தை மீது சவாரி செய்பவர்களைப் பார்க்கலாம்.

மாணவர்களே, நாமும் அப்படி ஒரு நாட்டைப் படைப்போமா? அதற்கு 'நத்தை நாடு' என்று பெயரிடுவோம். அங்கே உழவர்கள் நத்தையை வண்டியில் பூட்டிச் சந்தைக்குப் போகிறார்கள். போர் வந்தால் வீரர்கள் நத்தை மீதேறிக் கோட்டைச் சுவரில் ஊர்கிறார்கள். நத்தையின் ஓடு சுண்ணாம்பாகிறது. சில வகை நத்தைகள் சாயம் தருகின்றன. எல்லாம் சரி. ஆனால் நத்தை நாட்டிலும் நம் உலகின் இயற்பியல் விதிகளே செல்லும் என்று ஒரே ஒரு நிபந்தனை விதிப்போம். அப்போது இவற்றில் எவை நடக்கும், எவை நடக்கா? காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

20, 400, 8,000

தோட்டத்தில் காணும் பெரிய நத்தை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஓடு 10 செ.மீ. நீளம், மொத்த எடை 100 கிராம், தரையில் படியும் பாதத்தின் பரப்பு 30 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். வடிவம் மாறாமல் இதன் ஒவ்வோர் அளவையும் 20 மடங்காக்குவோம்.

ஓட்டின் நீளம் 2 மீட்டர் ஆகிவிட்டது. பாதத்தின் பரப்பு என்ன ஆகும்? நீளமும் அகலமும் 20 மடங்கு ஆவதால் பரப்பு 20 × 20 = 400 மடங்காகி, 12,000 சதுர செ.மீ. ஆகும். பருமனோ நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றையும் பொறுத்தது. எனவே அது 20 × 20 × 20 = 8,000 மடங்கு பெருகும். எடையும் அப்படியே. 100 கிராம் நத்தை 800 கிலோ நத்தையாகிவிடும். கொழுத்த எருமையைவிடக் கூடுதலான எடை!

நீளம் 20 மடங்கு, பரப்பு 400 மடங்கு, எடை 8,000 மடங்கு. இந்த மூன்று எண்களும் ஒரே வேகத்தில் வளரவில்லை என்பதைக் கவனியுங்கள். நத்தை நாட்டின் தலைவிதி முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது. இதை 1638இல் வெளிவந்த தம் நூலில் கலிலியோ விளக்கினார். சிறிய எலும்பை நீளத்தில் மூன்று மடங்காக்கினால், அது அதே வேலையைச் செய்ய எவ்வளவு பருத்திருக்க வேண்டும் என்பதை அவர் படம் வரைந்தே காட்டினார். இருபதாம் நூற்றாண்டில் ஜே.பி.எஸ். ஹால்டேன் என்ற உயிரியல் அறிஞர், ஒவ்வோர் உயிருக்கும் ஏற்ற அளவு ஒன்று உண்டு என்பதை 1926இல் எழுதிய கட்டுரையில் சுவைபட எடுத்துரைத்தார். பிற்காலத்தில் இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தவர் இவர்தான்.

நிற்க முடியுமா?

முதலில், நம் பெரு நத்தையால் தரையில் நிற்க முடியுமா என்று பார்ப்போம். சிறு நத்தையின் பாதத்தில் ஒரு சதுர செ.மீ.க்கு சுமார் 3.3 கிராம் எடை அழுத்துகிறது. பெரு நத்தைக்கு 800 கிலோவை 12,000ஆல் வகுத்தால், ஒரு சதுர செ.மீ.க்கு சுமார் 67 கிராம் வருகிறது. அழுத்தம் சரியாக 20 மடங்கு கூடியிருக்கிறது.

இது அதிகமா? 60 கிலோ எடையுள்ள மனிதரின் இரு பாதங்களும் தரையில் 300 சதுர செ.மீ. அளவு படிகின்றன என்று கொண்டால், ஒரு சதுர செ.மீ.க்கு 200 கிராம் அழுத்துகிறது. ஆக, தரையை நாம் அழுத்துவதில் மூன்றில் ஒரு பங்குதான் பெரு நத்தை அழுத்தும். சேற்று வயலில் கூட அது புதையாமல் போய்விடும். நத்தை நாட்டார் மகிழலாம்.

ஆனால் தொல்லை தரையில் இல்லை. நத்தையின் உடலுக்குள் இருக்கிறது. நத்தை ஒரு மெல்லுடலி. அதற்கு எலும்பு கிடையாது. உடலினுள் இருக்கும் நீர்மத்தைச் சுற்றியுள்ள தசைகள் இறுக்கிப் பிடிப்பதால்தான் அது உருக்குலையாமல் இருக்கிறது. ஒரு பலூனில் கொஞ்சம் நீர் நிரப்பி மேசை மேல் வையுங்கள். ஏறக்குறைய உருண்டையாக இருக்கும். பெரிய பையில் நீர் நிரப்பி வையுங்கள், தட்டையாகப் பரந்துவிடும். நீரின் அழுத்தம் அதன் உயரத்தைப் பொறுத்தது. உடல் 5 செ.மீ. உயரமாக இருக்கும்போது அடியில் ஒரு சதுர செ.மீ.க்கு 5 கிராம் அழுத்தம். உயரம் 1 மீட்டர் ஆனால் 100 கிராம். தசைச் சுவரும் 20 மடங்கு தடிப்பாகிவிட்டது உண்மைதான். ஆனால் பையின் ஆரம் 20 மடங்கு, அழுத்தம் 20 மடங்கு என்றாகும்போது சுவரை இழுக்கும் விசை 400 மடங்காகிறது. ஆகவே தசையின் ஒவ்வொரு சதுர செ.மீ.யும் முன்னைவிட 20 மடங்கு இழுவிசையைத் தாங்க வேண்டும். போதாக்குறைக்கு, மேலே கனத்த ஓடு வேறு! பெரு நத்தை நிமிர்ந்து ஊராது; நீர் நிரம்பிய பை போலத் தரையில் சப்பையாகிவிடும்.

கோழை என்னும் விந்தைப் பசை

சரி, எப்படியோ நின்றுவிட்டது என்று வைத்துக்கொண்டு மேலே போவோம். நத்தை எப்படி நகர்கிறது? அதன் பாதத்தில் தசைகள் சுருங்கி விரியும் அலைகள் வாலிலிருந்து தலையை நோக்கி ஓடுகின்றன. அலை உள்ள இடம் முன்னே நகர்கிறது. அலைகளுக்கு இடைப்பட்ட இடம் தரையைப் பற்றிக்கொள்கிறது. பாதத்துக்கும் தரைக்கும் நடுவே வழவழப்பான கோழை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஓரிரு பங்கு தடிப்பே உள்ள படலமாகப் பரவியிருக்கிறது.

ஒரே கோழை ஓரிடத்தில் வழுக்கவும் பக்கத்திலேயே ஒட்டவும் செய்வது எப்படி? 1980இல் மார்க் டென்னி என்ற ஆய்வாளர் இதற்கு விடை கண்டார். மெல்ல இழுக்கும்போது கோழை திடப்பொருள் போல விறைத்து நிற்கிறது. இழுவிசை ஓர் அளவைத் தாண்டியதும் நீர்மமாக இளகிவிடுகிறது. விசை நீங்கியதும் மீண்டும் இறுகிக்கொள்கிறது. அலையின் கீழ் நீர்மம். அலைகளுக்கு இடையே பசை!

இனி நம் கணக்கு. சிறு நத்தையின் கோழை, அதன் எடையைப்போல் 10 மடங்கு, அதாவது 1 கிலோ வரை இழுத்தாலும் பிடிவிடாது என்று கொள்வோம். ஒட்டும் விசை பரப்பைப் பொறுத்தது. எனவே பெரு நத்தையின் பிடி 400 மடங்காகி 400 கிலோ ஆகும். வண்டி இழுக்க இது தாராளமாகப் போதும். மாடு கூட நாள் முழுதும் இழுக்கும்போது தன் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு விசையைத்தான் செலுத்துகிறது.

ஆனால் கோட்டைச் சுவர்? செங்குத்தான சுவரில் நத்தை தன் முழு எடையையும் கோழையின் பிடியால் தாங்கியாக வேண்டும். சிறு நத்தைக்குத் தேவை 100 கிராம். இருப்பதோ 1,000 கிராம். கவலையில்லை. பெரு நத்தைக்குத் தேவை 800 கிலோ. இருப்பது 400 கிலோ. வீரர்கள் ஏறும் முன்பே நத்தை சறுக்கி விழுந்துவிடும். நத்தை நாட்டுத் தளபதி வேறு படையைத் தேடட்டும்.

சந்தைக்கு எப்போது போய்ச் சேரும்?

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் காங்காம் என்ற சிற்றூரில் நத்தை ஓட்டப் பந்தயம் நடப்பதுண்டு. பந்தயத் தூரம் 13 அங்குலம், அதாவது 33 செ.மீ. 1995இல் ஆர்ச்சி என்ற நத்தை 2 நிமிடங்களில் இதைக் கடந்து சாதனை படைத்தது. வேகம் வினாடிக்கு 2.75 மில்லிமீட்டர். நம் நத்தையும் அப்படியொரு வீரன் என்றே கொள்வோம். பாதத்தின் அலைகளும் 20 மடங்கு நீண்டு, அதே விரைவில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடினால், வேகம் வினாடிக்கு 55 மில்லிமீட்டர் ஆகும். மணிக்கு 198 மீட்டர்! 4 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சந்தைக்குப் போய்ச்சேர ஏறக்குறைய 20 மணி நேரம். காலையில் பறித்த கீரை மறுநாள் விடியலுக்கு முன்தான் கடைத்தெருவைக் காணும்.

அது மட்டுமா? வழி நெடுகிலும் கோழையைப் பூசியாக வேண்டும். பாதத்தின் அகலம் 60 செ.மீ., படலத்தின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்றால், 4 கிலோமீட்டருக்கு 24 லிட்டர் கோழை தேவை. உடலோடு படலமும் 20 மடங்கு தடித்துவிட்டால் 480 லிட்டர்! கோழையில் பெரும்பகுதி நீர்தான் என்றாலும், அதை உண்டாக்குவதுதான் நத்தையின் பயணத்தில் பெருஞ்செலவு. ஓடற்ற நத்தை ஒன்றை டென்னி அளந்து பார்த்தார். அதே எடையுள்ள எலி ஒன்று ஓடுவதற்கு ஆகும் ஆற்றலைப்போல் சுமார் 12 மடங்கு ஆற்றல் அது ஊர்வதற்குச் செலவாகிறது. உலகிலேயே விலை கூடிய நடை இதுதான் போலும்!

தீனியும் மூச்சும்

பெரிதாவதில் இலாபமும் உண்டு. உயிரினங்களின் ஆற்றல் தேவை எடையின் அதே விகிதத்தில் கூடுவதில்லை. 1932இல் மாக்ஸ் கிளைபர் கண்ட விதியை இங்கே கொண்டுவந்தால், எடை 8,000 மடங்கு ஆகும்போது தீனி ஏறத்தாழ 850 மடங்குதான் ஆகும். உடல் உலர்ந்துபோகும் அச்சமும் குறையும். ஏனெனில் நீர் ஆவியாவது மேற்பரப்பில். சேமிப்பு இருப்பதோ பருமனில். சிறிய நத்தைகளே இதில் கெட்டிக்காரர்கள். எகிப்திலிருந்து வந்த பாலைவன நத்தை ஒன்றை, இறந்தது என்றெண்ணி 1846இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அட்டையில் ஒட்டிவைத்தார்கள். 1850இல் அது உயிரோடிருப்பது தெரிந்தது!

ஆனால் மூச்சு விடுவதில் பெரு நத்தை தோற்றுவிடுகிறது. நில நத்தையின் நுரையீரல் ஒரு சிறு பை. அதற்குள் காற்று பெரும்பாலும் விரவல் முறையில், அதாவது தானாகப் பரவிச் செல்கிறது. ஆக்சிஜன் தேவை 850 மடங்கு. நுரையீரலின் பரப்போ 400 மடங்கு. அதோடு, விரவலுக்கு ஆகும் நேரம் தூரத்தின் இருமடியைப் பொறுத்தது. தூரம் 20 மடங்கானால் நேரம் 400 மடங்கு. முன்பு 1 வினாடியில் போய்ச்சேர்ந்த ஆக்சிஜன் இப்போது 6 நிமிடம் 40 வினாடி கழித்தே போய்ச்சேரும். நத்தையின் இரத்தத்தில் இரும்புள்ள ஹீமோகுளோபின் இல்லை. தாமிரமுள்ள, நீலம் பாய்ந்த ஹீமோசயனின்தான் இருக்கிறது. நம் இரத்தம் அளவுக்கு அதனால் ஆக்சிஜன் சுமக்க முடியாது. வண்டியில் பூட்டும் முன்பே நத்தைக்கு மூச்சு முட்டிவிடும்.

கடல் தரும் சலுகை

இயற்கை இந்தக் கணக்கையெல்லாம் முன்பே போட்டுவிட்டதா? அளவெடுக்கப்பட்ட நில நத்தைகளில் மிகப் பெரியது, 1976இல் ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் கிடைத்த ஒன்று. அதன் எடை 900 கிராம். கடலிலோ, ஆஸ்திரேலியாவை அடுத்து 1979இல் எடுக்கப்பட்ட மாபெரும் எக்காளச் சங்கு 77 செ.மீ. நீளமும், உயிரோடு இருந்தபோது ஏறக்குறைய 18 கிலோ எடையும் கொண்டிருந்தது. நில நத்தையைப்போல் 20 மடங்கு! காரணத்தைச் சொன்னவர் ஆர்க்கிமிடீஸ். நீரில் மூழ்கிய பொருள், அது வெளியேற்றும் நீரின் எடை அளவுக்குத் தன் எடையில் இழப்பது போலத் தோன்றும். நத்தையின் மெல்லுடல் ஏறக்குறைய நீரின் அடர்த்தியே உடையது. ஆகவே கடலில் அது தன் உடலைத் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. டாக்டர் டூலிட்டிலின் நத்தையைக் கடலில் விட்ட லாஃப்டிங், அறிந்தோ அறியாமலோ, சரியான இடத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்.

பயன்களின் கணக்கு

வண்டியும் சவாரியும் போகட்டும். மற்றப் பயன்கள்? நத்தையின் ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சிறு நத்தையின் ஓடு 20 கிராம் என்றால் பெரு நத்தையின் ஓடு 160 கிலோ. அதைச் சுட்டால் சுமார் 90 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். நம் முன்னோர் கிளிஞ்சல்களைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி வீடு கட்டிய வேதியியலும் இதுதான். ஆனால் அத்தனை சுண்ணாம்புச் சத்தையும் நத்தைக்கு முதலில் நாம்தானே ஊட்ட வேண்டும்!

சாயம்? பழங்கால மத்தியதரைக் கடல் நாடுகளில் அரசர்கள் உடுத்திய ஊதா நிறத் துணிக்குச் சாயம் தந்தது முள்சங்கு என்ற கடல் நத்தை. 1909இல் பால் ஃபிரிட்லேண்டர் என்ற வேதியியலார் 12,000 நத்தைகளிலிருந்து எடுத்த சாயம் 1.4 கிராம்தான். அந்த நத்தையை 20 மடங்கு பெரிதாக்கினால், அது 8,000 நத்தைகளுக்குச் சமம். கிடைக்கும் சாயம் 0.93 கிராம். ஒரு மலைபோன்ற நத்தைக்கு ஒரு சிட்டிகைச் சாயம்!

உண்மையில் நத்தைகள் மனிதனுக்குப் பயன்பட்டது சிறிய உருவத்தில்தான். ரோமானியர்கள் உணவுக்காக நத்தைப் பண்ணைகள் வைத்திருந்தார்கள். மன்னார் வளைகுடாவில் குளித்தெடுக்கும் சங்கும் ஒரு கடல் நத்தையின் ஓடே. அது வங்காளம் வரை சென்று வளையலாகிறது. கூம்புச் சங்கு என்ற சிறு கடல் நத்தை மீனைக் கொல்லப் பயன்படுத்தும் நஞ்சில் உள்ள ஒரு பொருளைப் பின்பற்றிச் செய்யப்பட்ட வலிநீக்கி மருந்துக்கு, 2004இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.

பெரிதாகவில்லை, பெருகியது

நத்தை பெரிதாக முடியாது என்று இயற்பியல் தடுத்துவிட்டது. ஆனால் எண்ணிக்கையில் பெருகுவதை அது தடுக்கவில்லை. அங்கேதான் உண்மையான ஆபத்து காத்திருந்தது.

கிழக்கு ஆப்பிரிக்காவில் பிறந்த 'ஆப்பிரிக்கப் பெரு நத்தை' அதிகம் போனால் 20 செ.மீ. வளரும். ஆனால் ஓராண்டில் சுமார் 1,200 முட்டைகள் இடும். 1847இல் பென்சன் என்ற ஆங்கிலேயர் மொரீஷியசிலிருந்து கொண்டுவந்த சில நத்தைகள் கல்கத்தாத் தோட்டமொன்றில் விடப்பட்டன. இன்று அவற்றின் இனம் தமிழ்நாடு, கேரளம் உட்பட இந்தியாவின் பல பகுதிகளில் வாழை, காய்கறி முதலிய பயிர்களைத் தின்கிறது. 1966இல் ஹவாயிலிருந்து ஒரு சிறுவன் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு விளையாட்டாகக் கொண்டுவந்தவை மூன்றே நத்தைகள். சில ஆண்டுகளில் அவை 18,000க்கும் மேலாகப் பெருகின. அவற்றை ஒழிக்க 1975 வரை ஆயிற்று. செலவு சுமார் 10 லட்சம் டாலர்.

பசிபிக் பெருங்கடலிலுள்ள தாகித்தித் தீவுகளில் நடந்தது இன்னும் வருந்தத்தக்கது. உணவுக்கென்று அங்கே கொண்டுவரப்பட்ட பெரு நத்தைகள் பயிர்களைத் தின்னத் தொடங்கின. அவற்றை ஒழிக்க, நத்தை தின்னும் நத்தை ஒன்றை 1970களில் கொண்டுவந்து விட்டார்கள். அது பெரு நத்தைகளை விட்டுவிட்டு, அத்தீவுகளுக்கே உரிய பார்ட்டுலா என்னும் சின்னஞ்சிறு நத்தைகளைத் தின்றது. மூரியா தீவில் 1977இல் விடப்பட்டது. 1987க்குள் அங்கே காட்டில் பார்ட்டுலாக்கள் ஏறக்குறைய முற்றிலும் அழிந்துபோயின. விலங்குக் காட்சிசாலைகளில் காப்பாற்றி வளர்க்கப்பட்ட சிலவற்றின் வழித்தோன்றல்களை 2015 முதல் மீண்டும் தீவுகளில் விட்டு வருகிறார்கள். கணக்குப் போடாமல் செய்த ஒரு காரியத்தைச் சரிசெய்யத் தேவைப்பட்ட காலத்தைப் பாருங்கள்!

எனவே கற்பனை செய்யுங்கள், மாணவர்களே. ஆனால் ஓர் எண்ணை மாற்றினால் மற்ற எண்கள் என்னாகும் என்றும் கேளுங்கள். 20 மடங்கு நீளத்துக்கு 8,000 மடங்கு எடை. மூன்று நத்தைகளுக்கு 18,000 நத்தைகள். கதையில் தவறினால் சிரிப்போடு போய்விடும். வயலிலும் தீவிலும் தவறினால் அப்படிப் போகாது.

செய்து பாருங்கள்

மழைக்காலத்தில் தோட்டத்தில் காணும் சிறு நத்தை ஒன்றை இலையோடு எடுத்து, சுத்தமான கண்ணாடித் தகட்டின் மேல் விடுங்கள். அது ஊரத் தொடங்கியதும் தகட்டைத் தூக்கிக் கீழிருந்து பாருங்கள். பாதத்தில் கருப்பும் வெளுப்புமாக அலைகள் ஓடுவது தெரியும். அலைகள் எந்தத் திசையில் ஓடுகின்றன? ஒரு நிமிடத்தில் எத்தனை? அந்த நிமிடத்தில் நத்தை நகர்ந்த தூரம் எவ்வளவு? தூரத்தை அலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஓர் அலைக்கு நத்தை வைக்கும் 'அடி' எவ்வளவு என்று கிடைத்துவிடும். தகட்டைச் செங்குத்தாக நிறுத்தினால் அந்த அடி குறைகிறதா என்றும் அளந்து பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை: நத்தையை வெறுங்கையால் தொடாதீர்கள். ஆப்பிரிக்கப் பெரு நத்தையை இச்சோதனைக்கு எடுக்கவே வேண்டாம். எலிகளிலிருந்து நத்தைகளுக்குப் பரவும் ஒருவகைப் புழு, மனிதருக்கு மூளையுறை அழற்சியை உண்டாக்கக் கூடியது. சோதனை முடிந்ததும் கைகளையும் தகட்டையும் சோப்புப் போட்டுக் கழுவி, நத்தையை எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.